சிவராத்திரியைச் சனிக்கிழமைக்குத் தள்ளலாமா?

மகா சிவராத்திரி வார நாளில் வந்தால் அடுத்த சனிக்கிழமை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான்கு சாமப் பூஜைகளையும் ஏழு மணிக்குத் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நடத்தி, பத்து மணிக்குள் முடித்துவிடலாம். அதற்கும் வர இயலாதவர்கள் இந்தியாவிலிருந்து வரும் நேரலையை வீட்டிலிருந்தே பார்த்துக் கும்பிடலாம். லண்டன், டொராண்டோ, சிட்னி, நியூ ஜெர்சி என்று தமிழர் குடியேறிய ஊர்களில் இந்தக் கருத்து பரவலாக வேரூன்றிவிட்டது. ஒரு காலத்தில் இயலாமையால் தயக்கத்தோடு செய்த ஏற்பாடு, இப்போது இதுதான் அறிவுடைய வழி என்று எடுத்துச் சொல்லப்படுகிறது. இரவு முழுவதும் கோயிலைத் திறந்துவைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அவர் நடைமுறை தெரியாதவர் ஆகிவிடுகிறார். இந்தக் கருத்து தவறு, அதற்குச் சொல்லப்படும் எந்தக் காரணமும் அதை நியாயப்படுத்தாது என்பதே என் நிலைப்பாடு.

எதிர்த் தரப்பை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இப்படிச் சொல்பவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் இல்லை. வாடகைக் கூடத்தில் ஒரு படத்தை வைத்து வழிபாட்டைத் தொடங்கி, கடன் வாங்கிக் கட்டடம் வாங்கி, ஊரிலிருந்து குருக்களை வரவழைத்து, குடமுழுக்கு நடத்திக் காட்டியவர்கள் அவர்களில் பலர். அவர்கள் சொல்லும் காரணங்களும் வெறும் சாக்குகள் இல்லை. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். அண்டை வீட்டார் புகார் செய்வார்கள். தூக்கமில்லாமல் கார் ஓட்டுவது ஆபத்து. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இரவு முழுவதும் உட்காரப் பொறுமை கிடையாது. உள்ளம் விழித்திருப்பதுதான் முக்கியம், கண் விழிப்பது புறச்சடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, தேச காலத்துக்கு ஏற்ப ஒழுகச் சொல்வது நம் சாத்திரமே. இந்தக் கடைசிக் காரணம்தான் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. ஆகவே அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

1. கிழமையை மாற்றினால் மாறுவது கிழமை மட்டும்தானா? வாரத்தின் ஏழு நாள்கள் மனிதர் வகுத்துக்கொண்ட வரிசை. திதி அப்படிப்பட்டது இல்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை விலகும்போதெல்லாம் ஒரு திதி கழிகிறது. யாரும் அதை முன்னே பின்னே நகர்த்த முடியாது. தேய்பிறைச் சதுர்த்தசி அமாவாசைக்கு முந்திய திதி. அந்த இரவில் வானத்தில் நிலவு கிடையாது. விடியலை ஒட்டிக் கீழ்வானில் ஒரு மெல்லிய கீற்று எழும், அவ்வளவுதான். ஆண்டின் சிவராத்திரிகளில் மாசி மாதத்து இருட்டிரவு ஒன்றைப் பிடித்து, அதன் நடுப்பொழுதில் சதுர்த்தசி நிற்கிறதா என்று பார்த்து நாள் குறிப்பதுதான் பஞ்சாங்க முறை. 2025இல் அது பிப்ரவரி 26, புதன்கிழமை. அடுத்த சனிக்கிழமை மார்ச் 1. அதற்குள் அமாவாசை வந்து போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை அந்தி மேற்கில் வளர்பிறை நின்றது. அந்தப் பிறையைக் கணக்கில் கொண்டுதான் அதே ஊர்களில் வாழும் முஸ்லிம்கள் ரமலான் நோன்பைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அதே அலுவலகங்களுக்குப் போகிறவர்கள், அதே மேலாளர்களிடம் வேலை பார்க்கிறவர்கள். பிறை புதன்கிழமை தெரிந்தால் நோன்பைச் சனிக்கிழமை தொடங்குவோம் என்று அவர்கள் முடிவு செய்வதில்லை. சிவராத்திரி என்று பெயரிட்டு வளர்பிறையில் பத்து மணி வரை நடத்தும் கூட்டத்தில் அபிஷேகம் இருக்கலாம், பாட்டு இருக்கலாம், அன்னதானமும் இருக்கலாம். அது நல்ல வழிபாடாகவும் இருக்கலாம். சிவராத்திரி மட்டும் அதில் இராது.

பொங்கல் விழாவையும் தீபாவளிக் கூடுகையையும் வார இறுதிக்கு மாற்றுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்ற கேள்வி உடனே வரும். சங்கத்தின் பொங்கல் விழா ஒரு கூடுகை. மனிதர்கள் கூடுவதுதான் அதன் உயிர்; ஆகவே அவர்கள் கூட முடிகிற நாளில் நடப்பது சரி. தைப்பொங்கல் பானை அதற்காக இடம் மாறுவதில்லை, அவரவர் வீட்டில் தை முதல் நாளில்தான் பொங்குகிறது. சிவராத்திரிக்கும் அதே முறையைக் கையாளட்டும். நாட்டியம், சொற்பொழிவு, பிள்ளைகளின் போட்டி, பரிசளிப்பு எல்லாவற்றையும் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளட்டும். எனக்கு எதிர்ப்பே இல்லை. அந்த நிகழ்ச்சியைக் காட்டி, உரிய இரவில் கோயில் கதவைப் பூட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

2. நேரலையில் பார்க்கிறவர் எந்த இரவில் விழித்திருக்கிறார்? சென்னையில் மாலை ஆறு மணிக்கு முதல் சாமம் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்கு நான்காம் சாமம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் நியூயார்க்கும் டொராண்டோவும் இந்திய நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. அங்கே அந்த நான்கு சாமங்களும் காலை ஏழரைக்குத் தொடங்கி மாலை ஏழரைக்கு முடிந்துவிடும். நள்ளிரவின் லிங்கோற்பவ காலப் பூஜை திரையில் தெரியும்போது ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில். லண்டனில் அது பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கும். பகலில் எல்லோரும் விழித்துத்தான் இருக்கிறோம். தொலைவில் நடக்கும் வழிபாட்டைக் காண்பது மனத்துக்கு ஆறுதல் தரும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலைக் காப்பியோடு நான்கு சாமத்தையும் பார்த்து முடித்துவிட்டு, தன் ஊரில் உண்மையான சிவராத்திரி இருள் கவியும் நேரத்தில் விரதம் முடிந்தது என்று எண்ணிப் படுக்கப் போவது தலைகீழான காரியம்.

இதில் கொடுமை என்னவென்றால், பஞ்சாங்கம் ஒருபோதும் இந்திய நேரத்தைக் கேட்கவில்லை. சாமம் என்பது கடிகாரத்தின் மூன்று மணி நேரம் இல்லை. அவரவர் இருக்கும் ஊரில் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரையுள்ள பொழுதில் நான்கில் ஒரு பங்கு. பிப்ரவரி நடுவில் லண்டனில் இரவு ஏறக்குறைய பதினான்கு மணி நேரம். அங்கே ஒரு சாமம் மூன்றரை மணி. அதே நாளில் சிட்னியில் கோடை இன்னும் முடியவில்லை, இரவு பதினொரு மணி நேரத்தைத் தொடாது. அங்கே ஒரு சாமம் இரண்டே முக்கால் மணிக்கும் சற்றுக் குறைவு. நள்ளிரவும் அப்படித்தான். இரவைப் பதினைந்து முகூர்த்தமாகப் பகுத்து எட்டாவதை நிசீத காலம் என்கிறார்கள். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருக்கும் சிட்னியில் அந்த நடுப்பொழுது ஒரு மணியைத் தாண்டித்தான் வரும், பன்னிரண்டுக்கு வராது. சதுர்த்தசி உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிகிறது. இரவு ஊருக்கு ஊர் வேறு நேரத்தில் வருகிறது. ஆகவே சில ஆண்டுகளில் வெளிநாட்டுத் தேதி இந்தியத் தேதிக்கு ஒரு நாள் முன்போ பின்போ விழலாம். இதெல்லாம் பிற்காலத்தில் சேர்த்த சமாளிப்பு இல்லை. சூரியன் மறையும் எந்த ஊருக்கும் பொருந்தும் வகையில்தான் அந்த விதி தொடக்கத்திலேயே அமைந்திருக்கிறது. பூஜையைத் தொடங்குமுன் குருக்கள் சொல்லும் சங்கற்பத்தைக் கவனித்தாலே போதும். எந்தத் தீவில், எந்த நிலப்பகுதியில், எந்தத் திதியில் நின்று செய்கிறோம் என்பதை அது பெயர் சொல்லி அறிவிக்கிறது. அமெரிக்கக் கோயில்களில் ஜம்புத் தீவின் இடத்தில் கிரௌஞ்சத் தீவு என்று மாற்றிச் சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டது. நிற்கும் இடத்தை வாயால் அறிவித்துவிட்டு, அந்த இடத்து இரவைக் கணக்கில் கொள்ளாமல் இருப்பது எப்படிப் பொருந்தும்?

3. வேலை நாள் என்பது வெளிநாட்டுக்கு மட்டும் உரிய தடையா? தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் மகா சிவராத்திரி இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவதுண்டு. மற்றபடி சென்னையிலும் மதுரையிலும் கும்பகோணத்திலும் நான்கு காலப் பூஜையைக் கண்டுவிட்டு, குளித்து, நீறு பூசி, காலையில் கடை திறக்கப் போகிறவர்களும் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சிவராத்திரிக்கு நாடு முழுவதும் விடுமுறை விடும் இலங்கை, மொரீஷியஸ், நேபாளம் ஆகிய நாடுகளை வேண்டுமானால் இவர்கள் பார்த்துப் பொறாமைப்படலாம். தமிழ்நாட்டைப் பார்த்து “அங்கே முடியும், இங்கே முடியாது” என்று சொல்ல வழியில்லை. சொல்லப்போனால் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பெறும் வசதி, நிரந்தர வேலையில் உள்ள வெளிநாட்டுத் தமிழருக்கு ஊரிலுள்ள தினக்கூலிக்காரரைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. பஞ்சாங்கம் ஓராண்டுக்கு முன்பே வந்துவிடுகிறது. ஊருக்குப் போகவும் உறவினர் திருமணத்துக்கும் மாதக்கணக்கில் முன்னால் விடுப்புக்கு எழுதிவைக்கிறவர்களுக்கு இது புதிய கலை இல்லை.

உடலுழைப்பில் உள்ளவர்களின் நிலை வேறு. மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் தாதியர், கிடங்கில் இரவு முறை பார்க்கிறவர்கள், மணிக்கணக்குச் சம்பளத்தில் ஓட்டுநர் வேலை செய்கிறவர்கள், விடுப்பு எடுத்தால் அன்றைய வருமானம் போய்விடும் நிலையில் இருக்கிறவர்கள். இவர்களை விரதம் காக்கவில்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் இவர்களில் ஒருவர் இரவு பதினொன்றுக்குப் பணி முடித்து வரும்போதும், அதிகாலை நான்கு மணிக்கு வரும்போதும் கோயில் திறந்திருந்தால் ஒரு சாமமாவது உட்கார்ந்துவிட்டுப் போவாரே. பத்து மணிக்குப் பூட்டுகிற கோயில் யாருடைய வசதிக்காகப் பூட்டுகிறது? பகல் நேர அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களின் வசதிக்காக. நாம் வாழும் நகரங்களில் இரவெல்லாம் விழித்து உழைக்கும் நம்மவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

4. உள்ளம் விழித்தால் போதும் என்பது கேட்பதற்கு உயர்ந்த தத்துவமாக இருக்கிறது. சிவராத்திரிக் கதையே அதை மறுக்கிறது. புலிக்கு அஞ்சி மரத்தில் ஏறிய வேடன், தூங்கினால் விழுந்துவிடுவோம் என்று இரவு முழுவதும் இலைகளைப் பறித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். மரம் வில்வம் என்பதோ, அடியில் லிங்கம் இருப்பதோ, அன்று என்ன இரவு என்பதோ அவனுக்குத் தெரியாது. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள திருவைகாவூர்த் தலபுராணம் இந்தக் கதையைத் தன் ஊரில் நடந்ததாகச் சொல்கிறது. வேறு ஊர்களும் வேறு வடிவங்களில் சொல்கின்றன. எல்லா வடிவத்திலும் மாறாத செய்தி ஒன்று உண்டு. அவனிடம் உள்நோக்கம் இல்லை, தத்துவம் இல்லை, தியானம் இல்லை. பட்டினி கிடந்த உடலும், மூடாத கண்ணும், விழுந்த இலையும், உரிய இரவும் மட்டுமே இருந்தன. அவற்றுக்காகவே அவன் வீடுபேறு அடைந்தான் என்கிறது கதை. உள்ளம் போதும், உடல் வேண்டாம் என்ற முடிவுக்கு இந்தக் கதையிலிருந்து யாரும் வர முடியாது. உள்ளமே இல்லாமல் உடல் மட்டும் செய்த விழிப்பும் வீண்போகவில்லை என்பதே அது சொல்லும் பொருள்.

சைவ சித்தாந்தமும் இதே பக்கம்தான் நிற்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிகளை வகுத்தபோது, உடலால் செய்யும் தொண்டை முதலில் வைத்தார்கள். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய உழவாரப் படையோடுதான் நாவுக்கரசரை இன்றும் சிற்பத்தில் வடிக்கிறோம். உடலைத் தாண்டியவர் ஒருவர் உண்மையிலேயே இருப்பாரானால் அவருக்கு விரதம் தேவையில்லாமல் போகலாம். அவருக்குக் கோயிலும் தேவையில்லை, நிர்வாகக் குழுவும் தேவையில்லை. மற்றவர்களுக்கு உடல்தான் வாசல். பசியும் தூக்கமும் நம்மை ஆளும் இரண்டு பெரிய பழக்கங்கள். இரண்டையும் ஒரே இரவில் நிறுத்திப் பார்க்கச் சொல்லும் நோன்பு இது. இரண்டாம் சாமம் தாண்டிய பிறகு கண் இமை கனக்கிறது, கவனம் சிதறுகிறது, ஏன் இங்கே இருக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்குப் பிறகும் உட்கார்ந்திருப்பதில்தான் விரதம் வேலை செய்யத் தொடங்குகிறது. பத்து மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அந்தக் கட்டம் வருவதே இல்லை. நான்கு அபிஷேகங்களையும் மூன்று மணி நேரத்தில் அடுக்கிவிட்டால் பாலும் தயிரும் நெய்யும் தேனும் முறையாகச் செலவாகிவிடும். அவற்றுக்கு இடையே இருக்க வேண்டிய காத்திருப்பு காணாமல் போய்விடும். அந்தக் காத்திருப்புக்காகத்தான் அவை நான்கு சாமங்களில் பிரித்து வைக்கப்பட்டன.

5. அண்டை வீட்டாரின் தூக்கம் கெடும் என்கிறார்கள். கெடக் கூடாதுதான். பிரிட்டனின் 1996ஆம் ஆண்டு இரைச்சல் சட்டம் இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரையுள்ள நேரத்துக்கெனத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அது நியாயமான சட்டம். சட்டம் தடுப்பது ஒலியை, விழித்திருப்பதைத் தடுக்கவில்லை. ஒலிபெருக்கியும் தவிலும் இல்லாமல் சிவராத்திரி இல்லை என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை. பதினொன்றுக்கு மேல் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திய மண்டபத்தில் ஓதுவார் வாய்ப்பாட்டாகத் திருமுறை ஓதட்டும், மற்றவர்கள் ஐந்தெழுத்தை மனத்துக்குள் சொல்லட்டும். இரவு வழிபாட்டை இந்த நாடுகள் அறியாதவையும் இல்லை. கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் நள்ளிரவிலும் ஆண்டிறுதி இரவிலும் தேவாலயத்தில் கூடுகிறார்கள். கொரியத் திருச்சபைகளில் இரவு முழுவதும் ஜெபிக்கும் வழக்கம் உண்டு. யூதர்கள் ஷவுவோத் இரவில் விடியும் வரை மறைநூல் படிக்கிறார்கள். ரமலானின் கடைசிப் பத்து இரவுகளில் பள்ளிவாசல்கள் விழித்திருக்கின்றன. நகரசபைகள் அவற்றோடு ஒத்துப்போகப் பழகிவிட்டன. நாம் விண்ணப்பிப்பதற்கு முன்பே மறுப்பை நாமே எழுதிக்கொள்கிறோம்.

6. உடல்நலமும் சாலை ஆபத்தும் உண்மையான பிரச்சினைகள், இவற்றில் எதிர்த் தரப்பு சொல்வதில் பெரும்பகுதி சரி. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. காலையில் எழுந்து, பகலெல்லாம் வேலை பார்த்து, இரவு முழுவதும் விழித்து, பட்டினியோடு, பிப்ரவரிப் பனியில் காரை எடுப்பது குற்றம். விரதத்தின் பெயரால் அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் இதிலிருந்து கோயிலைப் பத்து மணிக்குப் பூட்டு என்ற முடிவு எப்படி வருகிறது? வர வேண்டிய முடிவு வேறு: கோயிலை விடிந்த பிறகும் திறந்து வை. கீழ்த்தளத்திலோ சாப்பாட்டுக் கூடத்திலோ ஜமக்காளம் விரித்து, நான்காம் சாமம் முடிந்து பாரணை செய்து நோன்பை முடித்தவர்கள் சில மணி நேரம் உறங்கிவிட்டுப் போக வழி செய். விழிக்காமல் வீட்டில் உறங்கியவர்கள் காலையில் வந்து மற்றவர்களை ஏற்றிச்செல்ல ஒரு பட்டியல் போடு. கார் ஓட்டியே தீர வேண்டியவர் லிங்கோற்பவ காலத்தோடு எழுந்து போகட்டும். அதுவும் கடினம் என்றால் முதல் சாமத்தோடு போகட்டும். விழா மலர் அச்சிடவும் மேடை போடவும் காட்டும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

சர்க்கரை நோயாளி, கருவுற்றவர், முதியவர், குழந்தைக்குப் பாலூட்டும் தாய் ஆகியோருக்கு விரத மரபு எப்போதோ விலக்குக் கொடுத்துவிட்டது. பாலும் பழமும் கொள்ளலாம், இயன்ற சாமம் வரை இருக்கலாம். இங்கேதான் இந்த விவாதத்தில் தொடர்ந்து கலந்துவிடும் இரண்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும். விலக்கு மனிதருக்கு உரியது. அவருடைய உடல், அவருடைய தொழில், அவருடைய வீட்டு நிலைமை ஆகியவற்றைப் பார்த்து அவரவர் எடுத்துக்கொள்வது. கோயிலுக்கு நோய் இல்லை, மறுநாள் அலுவலகம் இல்லை. ஒரு மனிதர் “என்னால் இரண்டு சாமம்தான் முடியும்” என்று எழுந்து போகும்போது விரதம் குறைவதில்லை; அவர் போன பிறகும் விளக்கு எரிகிறது, யாரோ ஒருவர் உட்கார்ந்து ஓதுகிறார், போனவரின் சார்பிலும் அந்த இரவு முழுமையாகிறது. கோயிலே கதவைப் பூட்டும்போது இயன்றவருக்கும் இயலாதவருக்கும் ஒரே அளவு வைத்துவிடுகிறது. பலவீனமானவருக்கு இரக்கம் காட்டுவதாகச் சொல்லி, உறுதியோடு வந்தவரிடமிருந்து இரவைப் பிடுங்கிவிடுகிறது. அதைச் செய்ய எந்த நிர்வாகக் குழுவுக்கும் அதிகாரம் கிடையாது.

7. பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? மூன்று மணி நேரச் சனிக்கிழமை நிகழ்ச்சியில் அவர்களுக்குக் கிடைப்பது என்ன? வரிசையில் நின்று தீபாராதனை, பிறகு ஒரு நடனம், பிறகு ஒரு பேச்சு, பிறகு சாப்பாடு. ஆண்டில் இருபது முறை அவர்கள் காணும் அதே நிகழ்ச்சி. சிவராத்திரியில் அவர்களைத் தொடக்கூடிய ஒன்று உண்டென்றால், மற்ற நாள்களில் அனுமதிக்கப்படாத அந்த நேரம்தான். பெரியவர்கள் தூங்காமல் இருப்பதும், கோயில் மூன்று மணிக்கும் வெளிச்சமாக இருப்பதும், தூங்கி விழுந்தால் அப்படியே விரிப்பில் கிடக்கலாம் என்பதும், நள்ளிரவுப் பூஜைக்கு எழுப்பிவிடச் சொல்லிப் படுப்பதும் அவர்கள் வாழ்வில் வேறெங்கும் கிடைக்காதவை. குழந்தைகளுக்கு உபவாசம் விதிக்கப்படவும் இல்லை. பதின்பருவத்தினர் இன்னொன்றையும் கவனிக்கிறார்கள்: தங்கள் பெற்றோர் எதற்காகச் சிரமப்படத் தயாராக இருக்கிறார்கள் என்பதை. வசதியாக இருக்கும் வரை மட்டும் செய்யப்படும் வழிபாடு அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது. அந்தச் செய்தியை அவர்கள் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள்.

8. தேச காலத்துக்கு ஏற்ப மாறுவதுதான் நம் மரபு என்பது கடைசி வாதம். உண்மை. ஆனால் எது மாறலாம், எது மாறினால் விரதமே இல்லாமல் போகும் என்ற பகுப்பும் அதே மரபில் உண்டு. வில்வம் கிடைக்காத ஊரில் உலர்ந்த வில்வமோ வேறு பூவோ வைக்கலாம். கருங்கல் மண்டபம் இல்லாமல் பழைய தேவாலயக் கட்டடத்தில் சன்னிதி அமைக்கலாம். வெறுங்காலோடு பனியில் பிரகாரம் சுற்ற வேண்டாம். எந்தத் திரவியம் எந்தச் சாமத்துக்கு என்பது தமிழ்நாட்டிலேயே ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. நகரவே முடியாதவையும் இருக்கின்றன, அதையும் மறைக்கத் தேவையில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் பன்னிரண்டு சிவாலயங்களையும் ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தை டொராண்டோவில் நடத்த முடியாது. மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்துக் குடும்பங்கள் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குத் திரும்பும் வழக்கம் அந்த மண்ணோடு கட்டப்பட்டது. மன்னார் திருக்கேதீஸ்வரத்தில் பாலாவித் தீர்த்தம் எடுத்து அடியார்கள் தாங்களே மகாலிங்கத்துக்கு வார்ப்பதும் அப்படித்தான். இவற்றை இழந்துதான் நாம் வெளிநாட்டில் வாழ்கிறோம். மலையும் குளமும் குலசாமியும் கூட வரவில்லை. இரவு கூட வந்தது. விமானத்தில் ஏற்ற வேண்டாத, குடிவரவு அதிகாரி தடுக்க முடியாத, கட்டட அனுமதி கேட்காத ஒரே பகுதி அதுதான். வராதவற்றுக்காக வருந்திக்கொண்டே வந்ததை நாமாகக் கைவிடுவதை எப்படித் தேச காலத்துக்கு ஏற்ற மாற்றம் என்பது?

தேசம் மாறினால் இரவு வழிபாடு தாங்காது என்பதற்கு எதிரான பெரிய சான்று மொரீஷியஸ். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் ஏற்றிச்செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், பெரும்பாலும் போஜ்புரி பேசியவர்கள், கூடவே தமிழர்களும் தெலுங்கர்களும், அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களில் வேர்விட்டார்கள். அவர்களில் சிலர் 1898இல் மலைமேல் இருக்கும் கிராண்ட் பாசான் ஏரிக்கு நடந்துபோய்ச் சிவராத்திரிக்கு நீர் எடுத்துவந்தார்கள். இன்று கங்கா தலாவ் என்று அழைக்கப்படும் அந்த ஏரிக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர், பலர் நாள்கணக்கில் நடந்து, காவடி சுமந்து போகிறார்கள். திரும்பி வந்து தங்கள் ஊர்ச் சிவாலயத்தில் இரவு முழுவதும் நான்கு பஹர் (சாமப்) பூஜை செய்கிறார்கள். 1898இல் நடந்துபோனவர்களிடம் விடுப்பு விண்ணப்பமும் இல்லை, கடன் கொடுக்கும் வங்கியும் இல்லை, நேரலையும் இல்லை. புதிய மண்ணில் ஓர் ஏரியைக் கண்டுபிடித்தார்கள். இடத்தை மாற்றினார்கள், வழியை மாற்றினார்கள், பாத்திரத்தை மாற்றினார்கள். இரவை மாற்றவில்லை. தேச காலத்துக்கு ஏற்ப ஒழுகுதல் என்ற சொற்றொடருக்கு உரை வேண்டுமென்றால் அது அந்தத் தீவில் கிடைக்கும். அவர்களைவிட நம் நிலை கடினம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

வார நாள்தான் தடை என்றால் அதையும் நாள்காட்டியை வைத்தே சோதித்துவிடலாம். இந்தியக் கணக்கில் 2023இல் மகா சிவராத்திரி சனிக்கிழமை, 2024இல் வெள்ளி, 2025இல் புதன், 2026இல் ஞாயிறு. 2026இன் ஞாயிறுக்கு மறுநாளான பிப்ரவரி 16 அமெரிக்காவில் அதிபர் தின விடுமுறை, கனடாவின் ஒன்டாரியோவில் குடும்ப தின விடுமுறை. ஆக இந்த நான்கு ஆண்டுகளில் வட அமெரிக்கருக்கு மறுநாள் வேலை குறுக்கிட்டது ஒரே ஒரு முறை. அடுத்து 2027இல் மார்ச் 6, மீண்டும் சனிக்கிழமை. அந்த ஆண்டு லண்டன், நியூயார்க், டொராண்டோ, சிட்னி ஆகிய நான்கு ஊர்களிலும் நள்ளிரவில் சதுர்த்தசி நிற்கும் இரவு அந்தச் சனிக்கிழமை இரவுதான். மாற்ற வேண்டிய தேவையே இல்லை, மறுநாள் அலுவலகமும் இல்லை. நிர்வாகக் குழுக்கள் அந்த இரவுக்கான நிகழ்ச்சி நிரலை அச்சிடும்போது, முடியும் நேரம் என்ற இடத்தில் சூரிய உதயத்தைக் குறிக்கட்டும். பத்து மணி என்று குறித்தால், வேலை நாள் ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாக ஆகும்.